கால் குவித்த மயில்
சிந்தாமணி மயிற்பொறியின் அமைப்பு பற்றிய ஓர் ஆய்வு

1. செஞ்சியில் எழுந்த வினா

செஞ்சிக் கோட்டையைச் சுற்றி வருவோர்க்கு ஓர் உண்மை விரைவிற் புலனாகும். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் பிணைத்தோடும் மதில்கள், அம்மதில்களைச் சூழ்ந்த அகழி, ஒருவர் பின் ஒருவராகவே ஏறத்தக்க படிகள், இராசகிரியின் உச்சிக்கு அணித்தாக ஆழ்ந்து கிடக்கும் பாறைப் பிளவு, அப்பிளவின் மேலிட்ட சிறு பாலம் ஆகிய யாவும் ஒரே எடுகோளின் மேல் நிற்கின்றன. பகைவனுக்குக் கால் உண்டு. அவன் நிலத்தின் மேல் நடந்தே வரவேண்டும் என்பதே அவ்வெடுகோள். பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் நின்றுவிடுவான் என்று நம்பிக் கட்டிய கோட்டை இது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இதனை முற்றியிருந்தும் எளிதில் கொள்ள இயலாமைக்கு இவ்வெடுகோளின் வலிமையும் ஒரு காரணம் ஆகும். 2025ஆம் ஆண்டில் மராட்டியர் படைத்தல வரிசையில் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இக்கோட்டை இடம்பெற்றது. அச்சிறப்புக்கு உரிய அமைப்புத் திறனும் நிலத்தைக் கருவியாக்கிய திறனேயாம்.

நிலத்தைத் தொடாத ஊர்தி ஒன்று தோன்றின், இக்கோட்டை முழுதும் ஒரு கணத்திற் பயனற்றுப் போம். அறிவியற் புனைகதை எழுதுவோர் இக்காலத்திற் பெரிதும் விரும்பும் கற்பனைகளுள் இஃது ஒன்று: மனிதன் உள்ளிருந்தோ மேலிருந்தோ இயக்க, காலின்றி மிதந்து செல்லும் பேரெந்திரம். இக்கற்பனையை மேலை நாட்டாரும் சப்பானியரும் கையாண்ட வகையை அறிந்த நம் மாணவர் பலர், தமிழிற் கையாண்ட வகையை அறியாதிருக்கின்றனர். அறிந்தோரிற் பலரும் அதனைத் தவறாகவே அறிந்துள்ளனர். திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்திற் படைத்துக் காட்டும் மயிற்பொறியையே குறிப்பிடுகின்றோம். அதனை ஓர் அமைப்பாக, ஒரு கலைஞன் எண்ணித் திட்டமிட்ட பொறியாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரு தவறான கொள்கைகள்

மயிற்பொறி பற்றி இரு கொள்கைகள் வழங்குகின்றன. பண்டைத் தமிழர் வானூர்தி செய்து பறந்தனர் என்பதற்கு இது சான்று என்பது ஒன்று. மேடைகளிற் கைதட்டல் பெறுவது இதுவே. புராணக் கதைகளில் வரும் அற்புதங்களுள் இதுவும் ஒன்று. ஆராய்ச்சிக்கு உரியதன்று என்பது மற்றொன்று. வகுப்பறைகளில் இலம்பகச் சுருக்கம் கூறுவோர் இதனைத் தம்மையறியாமலே மேற்கொள்கின்றனர்.

முன்னைய கொள்கைக்கு நூலில் ஆதரவு இல்லை. எடை மிக்க பொருளைக் காற்றில் தாங்குவது எது என்ற வினாவுக்குத் திருத்தக்கதேவர் விடை கூறவில்லை. 1959ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்த காற்றணை ஊர்தி, தன் அடியிற் காற்றை அழுத்தி அவ்வழுத்தத்தின் மேல் மிதந்தது. நம் கடலோரக் காவற்படை மண்டபத்தில் வைத்து இயக்கும் ஊர்திகளும் அந்நெறியினவே. அவ்வாறான தாங்கு விசை எதுவும் சிந்தாமணியிற் பேசப்படவில்லை. பேசப்படாத ஒன்றைக் கொண்டு வரலாறு கட்டுவது ஆராய்ச்சி ஆகாது.

பின்னைய கொள்கையோ நூலில் உள்ளதையே காணத் தவறுகின்றது. அற்புதத்துக்கும் பொறிக்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைக் கவிஞர் நன்கு உணர்ந்தே செயற்பட்டுள்ளார். அதனை நிறுவ, நிலந்தொடாது செல்லும் தன்மையைத் தமிழ் இலக்கியம் எங்கெங்குக் கூறுகின்றது என்பதை முதற்கண் காண்டல் வேண்டும்.

3. நிலந்தொடாமையின் மூவகை

உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று இருபத்தேழாம் பாட்டில், புலவர் பாடும் புகழ் பெற்றோர் செலுத்துவோன் இன்றியே செல்லும் வானூர்தியை அடைவர் என்கின்றார். ஈண்டு நாம் நோக்க வேண்டுவது, ஓட்டுநன் இல்லை என்று அவர் வெளிப்படையாகக் கூறியதையே. தேர் எனின் பாகன் வேண்டும் என்பது உலகியல். பாகனை நீக்கியதனாலேயே அவ்வூர்தி உலகியலினின்று நீங்கி நல்வினைப் பயனாயிற்று. காரணத்தை நீக்குதல் அற்புதத்தின் இலக்கணம் எனலாம்.

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், கவுந்தியடிகளோடு உரையாடிய சாரணர், நிலத்தினின்றும் ஒரு முழ உயரம் எழுந்து நின்று பின் விசும்பு வழியே செல்கின்றனர். ஒரு முழம் என்ற அளவு சுவையுடையது. மலையுயரம் என்று கூறியிருப்பின் அது வியப்பாய் மட்டும் நின்றிருக்கும். ஒரு முழம் என்றமையால், நிலத்தோடு இருந்த தொடர்பு அறுந்ததைக் கண்முன் காண்கின்றோம். அவ்வெழுச்சிக்குக் காரணம் பற்றறுத்தல். தேவர் அடி நிலந்தோயா என்னும் மரபும், அருகன் தாமரை மலரின் மேல் நடந்தான் என்னும் சமண மரபும் இதனோடு ஒத்தவை.

மூன்றாவது வகை, உயிருள்ள விலங்கின் வழிப்பட்டது. அதற்குச் செஞ்சியே எடுத்துக்காட்டுத் தருகின்றது. 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த தேசிங்கின் கதையைப் பாடும் நாட்டுப்பாடல், பாராசாரி என்னும் அவன் குதிரை வான்வழிப் பாய்ந்ததாகக் கூறும். அங்குக் கால்கள் உண்டு. அவை நிலத்தை உதைத்து எழுகின்றன. குதிரையின் வலியும் வீரனின் துணிவும் அரங்கன் அருளும் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது.

இம்மூன்றிலும் அடங்காத ஒன்றே திருத்தக்கதேவரின் மயில். அதனை உயர்த்துவது புகழும் அன்று, துறவும் அன்று, தெய்வ அருளும் அன்று. ஒரு தச்சனின் கைத்தொழில்.

4. பொறியின் அமைப்பு

ஏமாங்கத நாட்டு இராசமாபுரத்தில் சச்சந்தன் என்னும் அரசன், தேவி விசயையின் மேற்கொண்ட காமத்தால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கின்றான். விசயை கண்ட கனவின் பொருளை ஆராய்ந்த அவன், தனக்கு இறுதி நேரும் என்பதையும் மகன் ஒருவன் எஞ்சுவான் என்பதையும் உணர்ந்து, தேவியைக் காக்க ஊர்தி ஒன்று செய்விக்கின்றான். இதுகாறும் கதை. இனி வருவது பொறியியல்.

முதலாவதாக, கவிஞர் பொருள்களைக் கூறுகின்றார்: துணிக்கிழிகள், பயின் என்னும் பிசின், நூல், அரக்கு, மெழுகு, இவை போல்வன பிற. இரும்பும் செம்பும் பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. பறக்க வேண்டுவது இலேசானதாதல் வேண்டும் என்னும் உணர்வு இத்தேர்விலேயே விளங்குகின்றது.

இரண்டாவதாக, காலம் கூறுகின்றார். ஏழு நாளில் மயில் செய்து முடிக்கப்படுகின்றது. தெய்வம் நினைத்த அளவிற் செய்யும். தொழிலாளனுக்கு நாள் வேண்டும்.

மூன்றாவதாக, செய்த பொருள் தேர்வுக்கு உட்படுகின்றது. தச்சன் உண்மை மயில் ஒன்றையும் தான் செய்த மயிலையும் உடன்கொண்டு சென்று அரசன் முன் வைக்கின்றான். இரண்டிற்கும் வேறுபாடு தோன்றாமையே அவன் திறத்திற்குச் சான்று.

நான்காவதாக, ஓட்டுவோர்க்குப் பயிற்சி உண்டு. மாடங்களிலும் சோலைகளிலும் சில நாள், சிறிது சிறிதாக, பொறியை முறுக்கி ஓட்டும் முறை விசயைக்கு உணர்த்தப்படுகின்றது. அவளும் உணர்ந்து கொள்கின்றாள். வயிற்றிற் கருவைச் சுமந்தவள் ஊர்தி ஓட்டப் பழகும் இக்காட்சிக்கு இணையான ஒன்றைத் தமிழ்க் காப்பியங்களில் வேறெங்கும் யாம் கண்டிலோம்.

ஐந்தாவதாக, இயக்கு முறை திட்டமாக வரையறுக்கப்படுகின்றது. பொறியை வலப்புறம் திரித்தால் மயில் மேகத்தைப் பிளந்து எழும். இடப்புறம் திரித்தால் இறங்கும். இறங்கியபின் அது கால்களைக் குவித்துக்கொண்டு அமர்ந்திருக்கும்.

இவ்வைந்தையும் தொகுத்து நோக்கின், புறநானூற்று ஊர்திக்கு நேர் எதிரான ஒன்றைக் கவிஞர் படைத்துள்ளார் என்பது தெளிவாகும். அங்கு ஓட்டுநன் நீக்கப்பட்டான். இங்கு ஓட்டுபவள் பெயரும் பயிற்சியும் கைவிரலும் கூறப்படுகின்றன. அங்குக் காரணம் மறைந்தது. இங்குக் காரணம் ஒவ்வொன்றும் அடுக்கப்படுகின்றது, தாங்கு விசை ஒன்று நீங்கலாக. அவ்வொன்றை மட்டும் மறைத்து ஏனையவற்றை எல்லாம் உலகியல்பாகக் கூறுவதே இற்றை அறிவியற் புனைகதையின் முறையுமாகும்.

5. காலை நீக்கிய பிற கலைஞர்

கால் பற்றிய குறிப்பை மீண்டும் நோக்குவோம். அதன் பெறுமதியை அறிய, இக்காலப் படைப்புகள் சிலவற்றை உடன் வைத்துக் காண்டல் நலம்.

எச். ஜி. வெல்சு 1898ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட செவ்வாய்க் கோளினர் படையெடுப்புக் கதையில், பகைவர் முக்கால் எந்திரங்களில் நடந்து வருகின்றனர். அவர்களிடம் சக்கரமே இல்லை என்பதையும் ஆசிரியர் குறிக்கின்றார். அக்கதை 1953இல் திரைப்படமானபோது, வடிவமைப்பாளர் ஆல்பர்ட் நொசாகி அவ்வெந்திரங்களைத் திருக்கைமீன் போன்ற உடலும் வளைந்த கழுத்தும் உடையனவாக்கி மிதக்க விட்டார். ஆயினும் அப்படத்திலேயே, அவை கண்ணுக்குப் புலனாகாத காந்த விசைக் கால்களின் மேல் நிற்கின்றன என்று விளக்கம் தரப்படுகின்றது. காலை நீக்கிய கலைஞர், நீக்கிய காலுக்கு ஒரு பதிலி தராமல் இருக்க இயலவில்லை.

சப்பானில் 1979ஆம் ஆண்டு தொடங்கிய ‘மொபைல் சூட் கண்டாம்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில், இறுதிப் போருக்கென ‘ஜியோங்’ என்னும் பேரெந்திரம் கால்கள் பொருத்தப்படாமலே வருகின்றது. குறையென ஐயுற்ற வீரனுக்கு அதனைப் பேணும் தொழிலாளி தரும் விடை, கால்கள் வெறும் அணி. மேலிடத்தார்க்கு அது விளங்காது என்னும் கருத்தினது. விண்வெளியில் நிலமில்லை, நிலமில்லாத இடத்திற் காலுக்குத் தொழில் இல்லை. எளிய விடையாயினும் அமைப்புக் கலையின் அடிப்படை உண்மை ஒன்று அதில் அடங்கியுள்ளது. உறுப்பு என்பது சூழலுக்கு அளிக்கும் விடை. சூழல் மாறின் உறுப்பு அணியாகிவிடும்.

தமிழில் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் படைத்த ஜீனோ, எந்திரமே எனினும் நாய் வடிவினது, காலுடையது. மனிதரோடு வாழ்ந்து அன்பு பெற வேண்டிய பொறிக்கு நிலத்தொடர்பு வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இவற்றின் நடுவே சிந்தாமணி மயிலை நிறுத்துவோம். அதற்குக் கால் உண்டு, நடை இல்லை. எழும்போதும் பறக்கும்போதும் கவிஞர் காலைப் பேசவில்லை. இறங்கிய பின்னரே பேசுகின்றார், அதுவும் குவித்து அடக்கியதாக. செஞ்சிக்கு வடக்கே திருநாதர் குன்றின் பாறைகளில் உண்மை மயில்கள் இறங்குவதை யாம் நின்று கண்டதுண்டு. அவை இறங்கும் போது காலை முன் நீட்டி ஊன்றுகின்றன, ஊன்றியதும் சில அடி ஓடுகின்றன, பின் நடக்கின்றன. அமர்வது பின்னரே. பொறிமயிலோ ஊன்றுவதில்லை, நடப்பதில்லை, நேரே அமர்கின்றது. அரசன் முன் இரண்டு மயிலும் நின்றபோது காணப்படாத வேறுபாடு இங்கு வெளிப்படுகின்றது. வடிவில் உயிரை ஒத்த பொறி, தொழிலில் உயிரினின்று பிரியும் இடம் அதன் கால்.

6. மயில் ஏன்?

பொறிகளை விலங்கு, பறவை வடிவிற் சமைத்தல் தமிழ்க் காப்பிய மரபு. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளுள் குரங்கும் சிரலும் பன்றியும் உள்ளன. அவை பாய்வன, கடிப்பன, குத்துவன. ஆதலின் அவற்றிற்கு வன்மை உடைய உயிர்களின் வடிவம் பொருந்திற்று. விரைந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டிய ஊர்திக்கு அன்னமோ பருந்தோ பொருந்தியிருக்கும். மயில் நெடிது பறப்பதன்று. எழுந்து அண்மையில் இறங்குவது. எனினும் கவிஞர் மயிலையே கொண்டார்.

மகளிர் சாயலுக்கு மயிலை உவமித்தல் நம் மரபு என்பது ஒரு விடை. விசயையின் சாயலே ஊர்தியாயிற்று எனலாம். ஆயின் அதனினும் ஆழ்ந்த விடை ஒன்று உண்டு என்று கருதுகின்றோம். இப்பொறி வெற்றிப் பறப்புக்குச் சமைத்ததன்று. கட்டியங்காரன் படை அரண்மனையைச் சூழ்ந்தபோது, விசயை விரும்பாதவளாய், கணவன் தேற்றி ஏற்ற ஏறுகின்றாள். அரசனோ போரிட்டு மாள்கின்றான். பகைவனின் வெற்றி முரசம் செவிப்பட்டதும் அவள் மயங்குகின்றாள். ஓட்டுபவள் உணர்விழக்க, மயில் நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்குகின்றது. எழுந்து அண்மையில் இறங்கும் பறவையின் இயல்பு, கதையின் இயல்பாகவே அமைந்துவிடுகின்றது.

இங்கு இயக்கு முறையின் பயன் விளங்கும். வலமும் இடமும் திரிக்கும் விரல் வேண்டும் என்று முன்னர்க் கூறியிராவிடின், அவள் மயங்கியதும் ஊர்தி தாழ்ந்தது என்பது தற்செயலாய் முடியும். கூறியிருத்தலின், அவள் துயரமே பொறியின் வீழ்ச்சிக்குக் காரணமாகின்றது. பொறியின் குறை அன்று, மனத்தின் பாரம். ஓட்டுநன் இல்லாத ஊர்தியிற் செல்வோர்க்கு இத்துயரம் வாராது.

7. பூச்சும் எழுச்சியும்

திருத்தக்கதேவர் சமணத் துறவி. உயிரின் இயற்கை மேல்நோக்கிச் செல்லுதல் என்பதும், வினை அதன்மேற் பூசிய பாரமாய்க் கீழே இழுக்கும் என்பதும் அச்சமயத்தின் கோட்பாடு. மண் பூசி நீரிலிட்ட சுரைக்காய் ஆழும்; பூச்சுக் கரைந்தபின் தானே மேலெழும் என்னும் உவமையால் இதனை விளக்குவர்.

இவ்வுவமையை மனத்திற்கொண்டு மயிற்பொறியின் பொருள்களை மீண்டும் எண்ணுக: கிழி, பிசின், அரக்கு, மெழுகு. ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டுவனவும் பூசுவனவுமாகிய பொருள்களால் ஆயது அம்மயில். உயிர் பூச்சுக் கரைந்து எழுவது. மயில் பூச்சினால் எழுகின்றது. முன்னது பற்றறுத்தார்க்கு உரியது. பின்னது பற்றினால் அழிந்த மன்னன் செய்வித்தது. முன்னது மீண்டும் வீழ்வதில்லை. பின்னது சுடுகாட்டில் வீழ்ந்தது. இதனைக் கவிஞர் எண்ணியே செய்தார் என்று அறுதியிட மாட்டோம். ஆயின் துறவில் தொடங்காத எழுச்சி நிலையாது என்பது, முத்தி இலம்பகத்தில் முடியும் அக்காப்பியம் முழுதிற்கும் பொதுவான கருத்து என்பதில் ஐயமில்லை.

இக்கருத்தைக் கொண்டு பொறியை இகழ்ந்ததாகக் கொள்ளலாமோ எனின், ஆகாது. அம்மயில் இன்றேல் சீவகன் இல்லை. தந்தையின் காமத்தால் வந்த அழிவினின்றும் பிறவாத மகனைக் காத்தது தச்சனின் ஏழு நாள் உழைப்பு. பொறி வீடுபேறு தருவதன்று. வீடுபேற்றுக்கு உரியவன் பிறத்தற்கு இடம் தந்தது. அதன் எல்லையையும் அதன் பயனையும் ஒருங்கே கூறிய நடுநிலை இக்கவிஞருடையது. பொறியை வழிபடுவோர்க்கும் வெறுப்போர்க்கும் இன்று வேண்டுவது இந்நடுநிலையே.

8. முடிபு

திருநாதர் குன்றில் ஒரே பாறையில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைப் பழைய கல்வெட்டு ஒன்று கூறுகின்றது. அதன் கண்ணெதிரே நிலத்தை நம்பிக் கட்டிய கோட்டை நிற்கின்றது. உடலின் பாரத்தைச் சிறுகச் சிறுகக் கழித்து மேலெழ முயன்றவர் ஒருபால். காலுடைய பகைவனைத் தடுக்கக் கல்லைக் கல்லின்மேல் அடுக்கியவர் ஒருபால். இவ்விரண்டிற்கும் நடுவே, கிழியும் மெழுகும் கொண்டு ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்ற பொறிமயிலை வைத்து எண்ணுதல் வேண்டும்.

1887ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டு அளித்தார். சமணரிடம் அவர் பொறுமையுடன் கேட்டுத் தெளிந்த நூலை நாம் மேடைப் பெருமைக்கு ஒரு சான்றாகச் சுருக்குவது முறையன்று. வானூர்தி இருந்தது என்று கூறுவதால் திருத்தக்கதேவர்க்கு ஒரு பெருமையும் சேராது. இல்லாத ஒன்றை, பொருளும் நாளும் பயிற்சியும் இயக்கமும் எல்லையும் வகுத்து, உள்ளது போல அமைத்தார் என்பதே அவர் பெருமை. அறிவியற் புனைகதை எழுத விழையும் தமிழ் மாணவர் கற்க வேண்டுவதும் அதுவே: காலை நீக்குவது எளிது, நீக்கியபின் அவ்வூர்தி எதனால் எழும், யார் விரலால் திரும்பும், எங்கே இறங்கும் என்று கூறுவதே அரிது.

இறங்கிய மயில் நடக்கவில்லை. சுடுகாட்டில் மகனைப் பெற்று அவனைப் பிரிந்த விசயையே, அங்கிருந்து தவப்பள்ளி நோக்கித் தன் காலால் நடந்தாள்.